மகரந்த அலர்ஜி: மருந்துக்கடை கவுண்டரில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடையில் நிற்கிற பார்மசிஸ்ட் நான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் காற்றாடிகள் சுற்ற ஆரம்பித்தால் எங்கள் கடையிலும் தும்மல் ஆரம்பித்துவிடும். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வந்து கேட்கிற கேள்விகள் வருடம் மாறினாலும் மாறுவதில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம்தான் போக வேண்டும் என்கிற இடங்களில் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

"ஏனுங்க, பத்து நாளா சளி விடவே மாட்டேங்குது. இது சளியா, அலர்ஜியா?"

நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அரிக்கிறதா? மூக்கு, கண், மேலண்ணம், காதுக்குள் என்று எங்காவது அரிப்பு இருந்தால் அலர்ஜி பக்கம்தான் சாய வேண்டும். சாதாரணச் சளியில் உடம்பு வலி, தொண்டை வலி, லேசான காய்ச்சல் எல்லாம் வரும், ஏழு முதல் பத்து நாளில் அடங்கும். அலர்ஜியில் காய்ச்சல் இருக்காது. மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாக ஒழுகும், தும்மல் ஒன்றோடு நிற்காமல் எட்டு, பத்து என்று அடுக்காக வரும், காலையில் எழுந்ததும் அதிகம் படுத்தும், அப்புறம் வாரக்கணக்கில் போகும்.

பிள்ளைகளாக இருந்தால் மூக்கைப் பார்த்தாலே தெரியும். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்குத் தண்டின் குறுக்கே கோடு கிழித்த மாதிரி ஒரு மடிப்பு விழுந்திருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம் வேறு. போன வருடம் கவுண்டர் முன்னால் நின்ற ஒரு பையன், அவன் அம்மா "சளிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை அப்படித் தேய்த்துவிட்டான்.

"மகரந்தம்னா பூவுல இருக்கற மஞ்சப் பொடிதானே? எங்க வீட்டுப் பக்கம் பூச்செடியே கிடையாதே?"

நாம் பூ என்று நினைக்கிற பூவுக்கும் இந்த அலர்ஜிக்கும் பெரிய தொடர்பு இல்லை. செம்பருத்தி, ரோஜா மாதிரி பளிச்சென்ற பூக்களுக்கு வண்டும் தேனீயும் வந்து மகரந்தத்தைக் கொண்டுபோகும். அந்த மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் அதிகம் பறக்காது. தொல்லை கொடுப்பதெல்லாம் காற்றை நம்பி இருக்கிற, பூத்ததே கண்ணில் படாத செடிகள். புல் வகைகள் எல்லாமே இதில் அடக்கம், அருகம்புல்லும் மக்காச்சோளமும் உட்பட. சவுக்கு, முள்ளுக்கீரை மாதிரிக் களைக்கீரைகள், ஆமணக்கு, சீமைக் கருவேலம், தென்னை, பார்த்தீனியம் என்று பட்டியல் நீளும். உங்கள் வீட்டில் பூச்செடி இல்லாமல் இருக்கலாம், பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் கதிர் விட்டிருந்தால் போதும்.

ஒரு மகரந்தத் துகள் தலைமுடியின் தடிமனைவிடச் சின்னது, அதனால்தான் காரணம் கண்ணுக்குச் சிக்குவதில்லை. 1870களில் இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி என்ற டாக்டருக்கே இந்தத் தும்மல் தொல்லை உண்டு. மனிதர் பட்டத்தில் பசை தடவிய கண்ணாடித் துண்டைக் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்திலும் மகரந்தம் மிதக்கிறது என்று எண்ணிக் காட்டினார்.

"அப்ப மல்லிப்பூ வெச்சா எனக்குத் தும்மல் வருதே, அது என்னங்க?"

அது பெரும்பாலும் வாசனை செய்கிற வேலை. மூக்கு ஏற்கெனவே புண்பட்ட மாதிரி இருக்கும்போது கடும் வாசனை, தாளிக்கிற மிளகாய் நெடி, ஊதுபத்தி, சென்ட், ஏன், வண்டிப்புகை பட்டாலும் தும்மும். ஏழிலைப்பாலை மரம் பூக்கும் சமயத்தில் தெருவே தலைவலி என்று புலம்புவதிலும் பாதி இந்த வகைதான். இதற்கு அலர்ஜி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது, வாசனையை விட்டு விலகுவதுதான் வழி. கல்யாண வீட்டில் அது நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள்.

"பார்த்தீனியம்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்றாங்களே?"

எல்லாவற்றுக்கும் இல்லை, ஆனால் பழிக்குத் தகுதியான செடிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இந்தியாவில் 1955 வாக்கில் புனே பக்கம் கண்ணில் பட்டது, இறக்குமதிக் கோதுமையோடு வந்திருக்கும் என்பார்கள். காங்கிரஸ் செடி என்றும் சொல்வோம். மழை பெய்து ஈரம் கிடைத்தால் காலி மனை, ரோட்டோரம், தண்டவாள ஓரம் என்று எங்கும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். இதன் மகரந்தம் மூக்கையும் படுத்தும், செடி உடம்பில் பட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், இது இரட்டை வேலை.

பிடுங்குவதாக இருந்தால் பூக்கும் முன்பே, மழை பெய்து மண் இளகிய மறுநாள், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். அலர்ஜி உள்ளவர் அந்த வேலைக்குப் போகவே வேண்டாம், வீட்டில் வேறு ஆளிடம் சொல்லுங்கள். பூத்த செடியை அறுத்துக் குவித்து எரித்தால் புகையும் சேர்ந்து தெருவுக்கே தும்மல்.

"எந்த மாசத்துல இது வரும்?"

வெளிநாட்டில் வசந்தம் வந்தால் மகரந்தம், குளிர் வந்தால் ஓய்வு என்று ஓரளவு கணக்கு இருக்கிறது. நமக்கு அப்படி ஒரே பருவம் கிடையாது. எங்கள் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் புழுதியும் மகரந்தமும் சேர்ந்து பறக்கும். மழைக்குப் பிறகு புல்லும் பார்த்தீனியமும் தழைத்துப் பூக்கிறபோது இன்னொரு கூட்டம் கடைக்கு வரும். மார்கழியில் வருபவர்களில் பலருக்குக் காரணம் மகரந்தமே இல்லை. பரணிலிருந்து எடுத்த கம்பளியும், பொங்கலுக்கு ஒட்டடை அடித்ததும், போகிப் புகையும்தான்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் தும்மல் வந்த நாளில் ஒரு புள்ளி வையுங்கள். அன்றைக்குத் தோட்டத்துக்குப் போனீர்களா, வீடு பெருக்கினீர்களா, காற்றடித்ததா என்று பக்கத்தில் ஒரு வார்த்தை. கிழித்துப் போடுகிற தாளை டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு வருடத்தில் உங்கள் பருவம் எதுவென்று தெரிந்துவிடும். ஒரு தென்னந்தோப்புக்காரர் அப்படி டப்பாவோடு வந்தார். அவருடைய புள்ளி எல்லாம் பக்கத்துக் காட்டு மக்காச்சோளம் கதிர் விட்ட மூன்று வாரத்தில் விழுந்திருந்தது. அதுவரை அவர் தயிரை நிறுத்தி வைத்திருந்தார், பாவம்.

"சரி, மருந்தில்லாம வீட்டுல என்ன பண்ணலாம்?"

மகரந்தம் உடம்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வராமல் பார்ப்பதுதான் பாதி வைத்தியம். வெளியே போய்விட்டு வந்ததும் முகம், கை கழுவி, போட்டிருந்த துணியை மாற்றிவிடுங்கள், அந்தத் துணியோடு கட்டிலில் சாய வேண்டாம். தலையில் ஒட்டியதுதான் ராத்திரி தலையணைக்கு வந்து காலையில் தும்மலாகிறது. அதனால் பருவ காலத்தில் சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொள்வது நல்லது, முடியாதென்றால் ஈரத்துணியால் முடியைத் துடைத்தாலும் போதும். "தலைக்கு ஊத்துனா சளி புடிக்கும்" என்று பாட்டி தடுத்தால், இது சளி இல்லை என்று முதல் கேள்வியின் பதிலைச் சொல்லுங்கள்.

காற்றடிக்கிற நாளில் மொட்டை மாடியில் படுக்கை விரிப்பு, தலையணை உறை காயப்போடாதீர்கள், கொடியில் ஆடுகிற ஈரத்துணி வலை போட்ட மாதிரி அத்தனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையிலும் காற்று ஓங்கும் நேரத்திலும் ஜன்னலைச் சாத்துங்கள். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணி போட்டுத் துடையுங்கள். இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கு முன்கண்ணாடி மூடிய ஹெல்மெட்டும் உள்ளே மாஸ்க்கும் மாத்திரைக்குச் சமம். வெளியே கிளம்பும் முன் மூக்குத் துவாரத்தின் விளிம்பில் வாசலின் லேசாகத் தடவினால் கொஞ்சம் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், ஐந்து ரூபாய்ச் செலவு. கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் இந்த நாட்களில் வேண்டாம்.

"உப்புத்தண்ணி விட்டு மூக்கு கழுவறது நெசமாவே நல்லதா?"

நல்லது, அதுவும் மருந்து போடத் தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். மூக்குக்குள் ஒட்டிய மகரந்தத்தையும் கோழையையும் அலசி வெளியே தள்ளிவிடுகிறது. அரை லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன் அயோடின் கலக்காத தூள் உப்பு, எரிந்தால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. சிங்க்கில் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல்துவாரத்தில் ஊற்றினால் கீழ்த்துவாரம் வழியாக வந்துவிடும். யோகா வகுப்பில் ஜலநேதி கற்றவர்களுக்கு இது புதிதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். கொதிக்க வைத்து, கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, ஆற வைத்ததுதான் வேண்டும். மூளையைத் தாக்குகிற அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரோடு விடுவதில்லை. பாத்திரத்தையும் கழுவிக் காய வையுங்கள். இவ்வளவு வேலை முடியாதென்றால் கடையில் சலைன் ஸ்ப்ரே கிடைக்கிறது, அதற்குச் சீட்டு வேண்டாம்.

"வேது புடிச்சா சரியாகாதா? நொச்சி இலை போட்டு?"

அடைப்பு கொஞ்சம் இளகும், பிடிக்கிற வரைக்கும் சுகமாக இருக்கும். அலர்ஜி அப்படியேதான் இருக்கும். பெரியவர்கள் ஆசைக்குப் பிடிக்கலாம். சின்னப் பிள்ளையைக் கொதிக்கிற குண்டாவுக்கு முன்னால் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். குண்டா சரிந்து தொடை வெந்து வந்த பிள்ளைக்கு நான் பஞ்சும் களிம்பும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், தும்மலே தேவலை என்று அந்த அம்மா அழுதார்கள். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குத் தடவவே கூடாது, பெரியவர்களும் மூக்குத் துவாரத்துக்குள் வைக்க வேண்டாம்.

"தேன், மஞ்சப்பால், துளசி, கற்பூரவல்லி? தயிரு, வாழைப்பழம் நிறுத்தணுமா?"

உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் உள்ளூர் மகரந்தம் பழகிவிடும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்: தேனீ போகிற பூ வேறு, நமக்குத் தும்மல் தருகிற செடி பெரும்பாலும் வேறு. தேன் ருசிக்குச் சாப்பிடுங்கள், ஒரு வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள். மஞ்சள் பாலும் துளசியும் தொண்டைக்கு இதம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தயிர், வாழைப்பழம், கத்தரிக்காய் எதையும் மகரந்த அலர்ஜிக்காக நிறுத்தத் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட பழமோ காயோ தின்றதும் வாயும் உதடும் அரிக்கிறது என்றால் அதை மட்டும் விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

"செட்ரிசின், லீவோசெட்ரிசின், பெக்ஸோபெனடின்… எதுங்க நல்லது?"

மூன்றும் ஒரே குடும்பம்தான், அலர்ஜியில் உடம்பு வெளியிடுகிற ஹிஸ்டமின் என்கிற பொருளின் வேலையைத் தடுக்கிறவை. தும்மல், அரிப்பு, ஒழுகல் மூன்றுக்கும் நன்றாகக் கேட்கும், அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. பெரியவர்களுக்குச் செட்ரிசின் 10 மி.கி. ஒருநாளைக்கு ஒன்று, லீவோசெட்ரிசின் 5 மி.கி. ஒன்று, லோராடடின் 10 மி.கி. ஒன்று, பெக்ஸோபெனடின் 120 அல்லது 180 மி.கி. ஒன்று. ஏதாவது ஒன்று, இரண்டைச் சேர்த்து இல்லை. செட்ரிசினும் லீவோசெட்ரிசினும் ஏறக்குறைய ஒரே சரக்கு, "இது கேக்கல, அதையும் சேத்துப் போட்டேன்" என்று வருகிறவர்கள் தூங்கி வழிந்துகொண்டுதான் வருகிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செட்ரிசினும் லீவோசெட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும், அதனால் ராத்திரி போடச் சொல்வேன். பெக்ஸோபெனடினில் தூக்கம் மிகக் குறைவு. ஆனால் ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை டானிக்கோடும் அப்படித்தான். வெறும் தண்ணீரில் போடுங்கள். எந்த மாத்திரையானாலும் அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு உரியது, என்னிடம் கோபித்துப் பயனில்லை.

"அவில் போட்டாத்தான் எனக்குக் கேக்குது. அது பழைய மாத்திரைன்னு ஏன் தர மாட்டேங்கறீங்க?"

அவில் என்கிற பெனிரமின், அப்புறம் சளி மாத்திரை எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிற குளோர்பெனிரமின் இரண்டும் பழைய தலைமுறை. மூளைக்குள் போகிறவை, அதனால் தூக்கம். தூங்கி எழுந்து "நல்லாக் கேட்டுச்சு" என்கிறீர்கள். தூக்கம் வராத மாதிரி இருந்தாலும் கை கால் சுதாரிப்பு குறையும், மறுநாள் காலைவரை அது நீளலாம். லாரி, பஸ், தறி, அறுவை மில் வேலைக்காரர்கள் இதைத் தொடவே வேண்டாம். சாயங்காலம் ஒரு கட்டிங் போடுகிற பழக்கம் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும்.

வயதானவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், குழப்பம், ஒன்றுக்கு வராமல் அடைத்துக்கொள்வது எல்லாம் வரும். புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருக்கிற தாத்தாவுக்கு "சளிக்குத்தானே" என்று வாங்கிக் கொடுக்காதீர்கள்.

"தினமும் போட்டா பழகிடுமா? அப்புறம் வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே?"

போதை மாதிரிப் பழகாது, வேலை செய்யாமலும் போகாது. உண்மையில் பருவம் முழுக்கத் தினமும் ஒரே நேரத்தில் போடுகிறவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்கிறது. இருபது தும்மல் தும்மிவிட்டு மாத்திரை தேடினால் தீ பிடித்த பிறகு கிணறு வெட்டுகிற கதை.

ஒன்று மட்டும் உண்டு. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் செட்ரிசின் அல்லது லீவோசெட்ரிசின் போட்டு திடீரென நிறுத்திய சிலருக்கு உடம்பெங்கும் கடும் அரிப்பு வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 மே மாதத்தில் எச்சரித்தது. அபூர்வம்தான். நிறுத்தியதும் அப்படி அரித்தால் அலர்ஜி திரும்பிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"மாண்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரை பவர் அதிகம்னு அதையே வாங்கிக்கறேன், தப்பா?"

பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டைப் போனில் போட்டோ எடுத்து வந்து கேட்கிறவர்கள் அதிகம் கேட்கிற மாத்திரை இதுதான். மாண்டெலுகாஸ்ட் இழுப்பு நோய்க்காக வந்த மருந்து. மூக்கு அலர்ஜிக்கும் உதவும், ஆனால் வெறும் தும்மலுக்கு முதல் மருந்தாக இதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று அமெரிக்காவில் 2020 மார்ச்சில் இதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய கடுமையான எச்சரிக்கை போடச் சொன்னார்கள். டாக்டர் எழுதியிருந்தால் போடுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பிள்ளை ராத்திரி அலறி எழுந்தால், முன்பு இல்லாத முரட்டுத்தனம் வந்தால் மாத்திரையையும் சந்தேகப்படுங்கள்.

"மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டா உடனே தொறக்குது, அதையே விட்டுக்கலாமா?"

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று அட்டையில் போட்டிருக்கிற சொட்டுகள் இவை. மூக்கின் உள்ளே வீங்கிய ரத்தக்குழாயைச் சுருக்குகின்றன, ஐந்து நிமிடத்தில் மூச்சு ஓடும். அந்தச் சுகம்தான் ஆபத்து. தொடர்ந்து விட்டால் மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக வீங்கும், மறுபடி விடுவீர்கள், மறுபடி வீங்கும். மூன்று நாள், போனால் ஐந்து நாள், அதோடு மூடி வைத்துவிடுங்கள்.

டைலர் அண்ணன் ஒருவர் வருடம் இரண்டு ஓடியும் பாட்டிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்ததே இல்லை, ராத்திரி தலையணைக்குக் கீழே ஒன்று, தையல் மிஷின் டிராயரில் ஒன்று. மூக்கு டாக்டர் வேறு ஸ்ப்ரே கொடுத்து, முதலில் ஒரு துவாரத்துக்கு நிறுத்தச் சொல்லி, அது திறந்த பிறகு அடுத்ததையும் நிறுத்த வைத்தார். அந்தப் பத்து நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

"டாக்டர் எழுதின ஸ்ப்ரே ஸ்டீராய்டாமே, பயமா இருக்குது"

புளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசொனைடு மாதிரி ஸ்ப்ரேக்கள் ஸ்டீராய்டுதான், ஆனால் மூக்குக்குள்ளேயே வேலை செய்துவிட்டு ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலப்பவை. அடைப்பும் சேர்ந்து தினமும் தொந்தரவு இருப்பவர்களுக்கு மாத்திரையைவிட இதுதான் நன்றாகக் கேட்கிறது. அமெரிக்காவில் புளூட்டிகசோன் ஸ்ப்ரேயைச் சீட்டில்லாமலே விற்க 2014இல் அனுமதித்தார்கள், இங்கே சீட்டு வேண்டும்.

"ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் ஆகல" என்று தூக்கிப் போடாதீர்கள். சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது, முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். அதனால்தான் காலண்டரில் புள்ளி வைக்கச் சொன்னேன். உங்கள் பருவம் தெரிந்தால் டாக்டரிடம் கேட்டு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிடலாம். அடிக்கிற முறையும் முக்கியம்: தலையை அண்ணாந்து பார்க்காமல் லேசாகக் குனிந்து, வலது கையால் இடது துவாரத்துக்கும் இடது கையால் வலது துவாரத்துக்கும், நுனி காதுப் பக்கம் பார்க்கிற மாதிரி. நடுச்சுவரில் அடித்தால் எரியும், ரத்தம் கசியும். அடித்ததும் சளியை இழுக்கிற மாதிரி உறிஞ்சினால் தொண்டைக்குப் போய் வீணாகும்.

"அதெல்லாம் வேண்டாங்க, ஒரு செட் மாத்திரை குடுங்க, ரெண்டு வேளைக்கு"

நாலு அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்து, பேப்பரில் மடித்துத் தருகிற பழக்கம் நம் ஊரில் நன்றாகவே இருக்கிறது. மந்திரம் மாதிரி கேட்கும் என்பதும் உண்மை. ஏன் கேட்கிறது என்றால் அதில் இருக்கிற சின்ன மாத்திரை பல நேரம் பீட்டாமெத்தசோன் அல்லது டெக்ஸாமெத்தசோன், வாய்வழி ஸ்டீராய்டு. இது ஸ்ப்ரே மாதிரி இல்லை, உடம்பு முழுக்கப் போகும். சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், மாதா மாதம் வாங்கிப் போட்டால் எலும்பு தேயும், முகம் உப்பும். ஸ்ப்ரேயைக் கண்டு பயப்படுகிறவர்கள் செட் மாத்திரையைக் கண்டு பயப்படாததுதான் எனக்குப் புரியவே புரியாத விஷயம்.

அதில் இன்னொன்று பெரும்பாலும் காய்ச்சல் மருந்தும் பினைல்எப்ரினும் கலந்த சளி மாத்திரையாக இருக்கும். பினைல்எப்ரினை வாயால் விழுங்கினால் மூக்கடைப்புக்குப் பலன் இல்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. காய்ச்சலே இல்லாத அலர்ஜிக்குக் காய்ச்சல் மருந்து எதற்கு?

"மூக்கைவிடக் கண்ணுதான் எரியுது, தேய்ச்சுத் தேய்ச்சுச் செவந்து போச்சு"

தேய்ப்பதை நிறுத்துவதுதான் முதல் மருந்து, தேய்க்கத் தேய்க்க அரிப்பு கூடும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். வெளியே போகும்போது கண்ணாடி போடுங்கள். கண் அரிப்புக்கு ஒலோபடடின் மாதிரிச் சொட்டு மருந்து நன்றாகக் கேட்கும். லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டுத்தான் விட வேண்டும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள். போன வருடத்துப் பாட்டிலைத் தேடி எடுக்க வேண்டாம், அது ஸ்டீராய்டு சொட்டாக இருந்தால் இன்னும் மோசம், தானாகத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம்.

கண் வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, பார்வை மங்குகிறது, பீளை கெட்டியாக ஒட்டுகிறது என்றால் அது அலர்ஜி இல்லை. அன்றைக்கே கண் டாக்டர்.

"பாப்பாவுக்கு நம்ம மாத்திரையில பாதி குடுக்கலாமா?"

கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே எந்த அலர்ஜி மருந்தும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். அதற்கு மேலும் அளவு வயதையும் எடையையும் பார்த்துத்தான். சிரப்பைச் சமையல் கரண்டியில் ஊற்றாமல் கூட வருகிற மூடியிலோ சிரிஞ்சிலோ அளங்கள். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது, பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் பாருங்கள்.

"மாசமா இருக்கறேன், தும்மித் தும்மி வயிறே வலிக்குது. எதாச்சும் போடலாமா?"

உப்புநீர்க் கழுவலும் வீட்டு முறைகளும்தான் முதலில். மாத்திரை தேவைப்பட்டால் லோராடடின், செட்ரிசின் இரண்டும் கர்ப்பக் காலத்தில் நெடுநாளாகப் பயன்பாட்டில் இருப்பவை, ஆனாலும் உங்கள் மகப்பேறு டாக்டரிடம் கேட்டுத்தான். மூக்கடைப்புக்கான வாய்வழி மருந்துகள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், வேண்டவே வேண்டாம். பால் கொடுக்கிறவர்கள் தூக்கம் தருகிற பழைய மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது. குழந்தையும் தூங்கி வழியும், பால் சுரப்பும் குறையலாம்.

"பிரஷர் மாத்திரை சாப்பிடறேன், அலர்ஜி மாத்திரை சேருமா?"

வெறும் செட்ரிசினோ பெக்ஸோபெனடினோ பொதுவாகப் பிரச்சினை செய்யாது. பெயருக்குப் பின்னால் 'டி' ஒட்டியவை, சூடோஎபெட்ரின், பினைல்எப்ரின் கலந்தவை இவைதான் பிரஷரையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். சர்க்கரைக்காரர்களுக்குச் செட் மாத்திரை பதிலில் சொன்னது போதும்.

"மழை பெஞ்சா அடங்கணுமே, எனக்கு மட்டும் கூடுதே?"

நிதானமாகப் பெய்கிற மழை காற்றைக் கழுவிவிடும், அன்றைக்கு நிம்மதிதான். இடி மின்னலோடு வருகிற மழைக்கு முன் வீசுகிற காற்று வேறு. ஈரத்தில் மகரந்தம் ஊறி உடைந்து, நுரையீரல் ஆழம்வரை போகிற அளவுக்குத் தூளாகிவிடும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் இப்படி ஒரு புயல்மழை மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். காரணம் புல் மகரந்தம். தும்மலோடு இழுப்பும் உள்ளவர்கள் இடிக்காற்று வரும்போது உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

மழை விட்டு நாலைந்து நாள் கழித்துக் கூடுகிறதென்றால் வீட்டுச் சுவரைப் பாருங்கள். ஓதம் ஏறிய மூலையில் கறுப்பாகப் பூத்திருக்கிற பூஞ்சையாகவும் இருக்கலாம்.

"ரத்தத்துல ஈஸ்னோபீலியா அதிகம்னாங்க. எந்தச் செடின்னு அதுல தெரியாதா?"

தெரியாது. ஈஸ்னோபில் என்பது ஒரு வெள்ளையணு, அலர்ஜியிலும் கூடும், குடற்புழுவிலும் கூடும். எதற்கு அலர்ஜி என்று பார்க்க முதுகிலோ முன்கையிலோ துளித்துளியாகச் சாறு வைத்துக் குத்திப் பார்க்கிற தோல் சோதனை இருக்கிறது, அல்லது குறிப்பிட்ட பொருளுக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற ஐஜிஇ என்கிற புரதத்தைப் பார்க்கிற ரத்தச் சோதனை. தோல் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே காட்டாது. இருநூறு பொருளை ஒரே ரத்தத்தில் பார்க்கிறோம் என்கிற பேக்கேஜில் பணத்தைக் கொட்டுவதற்கு முன், காலண்டர் தாள்களோடு டாக்டரைப் பாருங்கள். சோதனையில் வந்தது உங்கள் தொந்தரவோடு பொருந்தினால்தான் அதற்கு அர்த்தம்.

"ஊசி போட்டா நிரந்தரமாப் போயிடுமாமே?"

இரண்டு ஊசியைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, அலர்ஜி தருகிற பொருளையே கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குப் பழக்குகிற சிகிச்சை. மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும், ஊசியாகவும் உண்டு, நாக்குக்கு அடியில் வைப்பதும் உண்டு. சரியான ஆளுக்கு, சரியான பொருளுக்குக் கொடுத்தால் நிறுத்திய பிறகும் பலன் சில வருடம் நிற்கும். அலர்ஜி மருத்துவர் முன்னிலையில், போட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துத்தான் அனுப்புவார்கள்.

மற்றது, "சீசனுக்கு ஒரு ஊசி" என்று இடுப்பில் போடுகிற நீடித்த ஸ்டீராய்டு ஊசி. அது செட் மாத்திரையின் அண்ணன்.

"எப்பத்தான் டாக்டர்கிட்டப் போகணும்?"

மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், ராத்திரி இருமி எழுவது இருந்தால் மூக்கு வைத்தியத்தை விட்டுவிட்டு உடனே போங்கள், மூக்கு அலர்ஜி உள்ள பலருக்கு இழுப்பும் கூடவே இருக்கும். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாத அளவுக்குத் திணறினால் 108. மூக்கின் ஒரே பக்கம் மட்டும் ஒழுகுவது, ரத்தம் கலந்து வருவது, பத்து நாள் தாண்டியும் முக வலியோடு கெட்டியான சளி, வாசனையே தெரியாமல் போவது இவையும் கடையில் தீருகிற விஷயம் இல்லை. மாத்திரையை ஒழுங்காக இரண்டு மூன்று வாரம் போட்டும் தூக்கமும் வேலையும் கெடுகிறதென்றாலும் போகத்தான் வேண்டும்.

"நீங்க சொன்னதெல்லாம் பண்ணிட்டேனுங்க, அப்பவும் நிக்கலை"

இதைக் கேட்டவர் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிற அக்கா. மாத்திரை சரி, மூக்கு கழுவுவது சரி, ஜன்னல் சாத்துவது சரி, காலண்டரிலும் புள்ளி வைத்திருந்தார், ஆனால் ஆடி, மார்கழி என்றில்லாமல் மாதம் முழுக்கப் புள்ளி. தாள்களைக் கவுண்டரில் வரிசையாகப் பரப்பினோம். சிவப்பில் அச்சடித்த தேதிகளில் மட்டும் புள்ளியே இல்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்த ஐந்து நாளிலும் இல்லை. "ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கீங்களாக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சட்டைத் தோளில் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சைத் தட்டிவிட்டார்.